வெயிலும் காற்றும் யார் வீட்டு விளைச்சல்?

உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. நூற்பாலைகளும் கம்பெனிகளும் நிறுத்திய அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒன்று மட்டும் ஓர் ஊராட்சியின் சொத்து. கோவை மாவட்டம், மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி 2006-ல் அதை விலைக்கு வாங்கியது. 350 கிலோவாட் திறன். விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சி தன் சேமிப்பிலிருந்து போட்டது 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சத்துக்கு வங்கிக் கடன்.

ஒரு கிராம ஊராட்சி கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கி மின்சாரம் தயாரிக்கக் கிளம்பியதன் பின்னால் பத்து ஆண்டுப் பாடம் இருந்தது. ஆர்.சண்முகம் அந்த ஊராட்சிக்குத் தலைவராக வந்தது 1996-ல். குடிநீர்த் திட்டம் வந்தது, தெருவிளக்குகள் பெருகின. கூடவே கரன்ட் பில்லும் ஏறியது. தண்ணீர் இறைக்கவும் விளக்கு எரிக்கவும் கட்டுகிற பணமே ஊராட்சியின் வருமானத்தைத் தின்னத் தொடங்கியபோது, தெருவிளக்கைச் சூரிய ஒளிக்கு மாற்றிப் பார்த்தார்கள். பிறகு மரக்கழிவை எரிவாயுவாக்கி, அதிலிருந்து 9 கிலோவாட் மின்சாரம் எடுத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் காற்றாலை. சின்னதில் கை பழகிய பிறகே பெரியதில் இறங்கினார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்து ஊராட்சி உடுமலையில் காற்றாலை நிறுத்துவானேன்? காற்று அங்கேதான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நின்று தென்மேற்குப் பருவக்காற்றை மறிக்கிறது. மழையைக் கேரளம் வாங்கிக்கொள்கிறது. சுவரில் இருக்கும் இடைவெளிகள் வழியாக, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களுக்குள் நெருக்குண்டு, காற்று மட்டும் வேகமெடுத்து நம் பக்கம் வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தக் காற்றைத்தான். மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை இறக்கைகள் ஓய்வில்லாமல் சுற்றும். ஓடந்துறையின் காற்றாலை ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் தருவதாகக் கணக்கு. ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனை. அந்த வருமானத்தில்தான் வங்கிக் கடனும் அடைந்தது.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. இருபது ஆண்டு கழித்தும், சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் ஊராட்சி எது என்று யாராவது கேட்டால் ஓடந்துறையைத்தான் கைகாட்ட வேண்டியிருக்கிறது. இது ஓடந்துறைக்குப் பெருமை. நம் மின்சாரக் கொள்கைக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. இதே இருபது ஆண்டில் நாட்டுப்புறத்தில் எழும்பிய காற்றாலைகளுக்கும் சோலார் பண்ணைகளுக்கும் குறைவே இல்லை. நிலம் கிராமத்துடையது, வெயில் கிராமத்துடையது, காற்று கிராமத்துடையது. வருமானம் மட்டும் ஊரைத் தொடாமல் கம்பி வழியே போய்விடுகிறது.

கமுதியின் 2,500 ஏக்கர்

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 செப்டம்பரில் ஒரு சோலார் மின் நிலையம் முழு அளவில் ஓடத் தொடங்கியது. 648 மெகாவாட். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. 2,500 ஏக்கரில் 25 லட்சம் பேனல்கள். எட்டே மாதத்தில் முடித்துவிட்டார்கள். பேனல் மீது படியும் புழுதியைத் துடைக்க ரோபோக்கள். பொறியியல் சாதனை என்ற வகையில் அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்படிப்பட்ட நிலையங்கள் வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. நிலக்கரியும் நிலத்தைத் தின்றுதான் மின்சாரம் தருகிறது. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட விளைந்துகொண்டிருந்த நெற்பயிர் மீது பொக்லைன்கள் ஏறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது மறந்திருக்காது. நிலக்கரியை விட்டு வெளியே வந்தே ஆக வேண்டும். எப்படி வருகிறோம், யார் நிலத்தின் மீது நடந்து வருகிறோம் என்பதில்தான் வழக்கு.

ஒரு மெகாவாட் சோலாருக்கு 4 முதல் 6 ஏக்கர் நிலம் பிடிக்கிறது. இவ்வளவு நிலம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அதிகாரிகள், ஆலோசகர்கள், முதலீட்டாளர்கள் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது: தரிசு. கிராம நிர்வாக அலுவலரின் ஏட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும். அந்த நிலத்தில் ஒரு வருஷம் முழுக்க நின்று பார்த்தவர்களுக்குத்தான் கதை தெரியும்.

ராமநாதபுரம் சீமையில் மழை பெய்தால் விதைப்பு. பொய்த்தால் நிலம் சும்மா கிடக்கும். கிடக்கும் நிலத்தில் ஆடு மேயும். ஆட்டுக்கிடை போட்ட நிலம் அடுத்த வருஷம் உரம் கேட்காது. அந்தச் சீமையின் ஆடு மேய்ப்பர்களான கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த தஞ்சை வயல்கள் வரை போய்க் கிடை போட்டுவிட்டு, மழைக்காலத்தில் சொந்த ஊர்ப் பக்கம் திரும்புவார்கள். திரும்பி வரும்போது மேய்ச்சலுக்கு இடம் இருக்க வேண்டும். முண்டு மிளகாயும் இதே வறண்ட மண்ணில்தான் விளைகிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓடுவதும் இந்த மேட்டு நிலங்களின் ஊடாகத்தான். நிலத்தைச் சமன் செய்து வேலி போட்டால் முதலில் அழிவது அந்த வரத்துக்கால். சேதம் அன்றைக்குத் தெரியாது. இரண்டு மூன்று மழைக்குப் பிறகு கண்மாய் நிரம்பாதபோது தெரியவரும். அப்போது யார் மீது வழக்குப் போடுவது?

இதில் நமக்கு முன் அனுபவம் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டாமணக்கு மோகம் நாடெங்கும் பரவியது. தரிசில் காட்டாமணக்கு நட்டால் டீசல் ஊறும் என்றார்கள். விருதுநகர் மாவட்டம் சாத்தூர் வட்டாரத்தில் ஜெனிஃபர் பேக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார். அந்தத் தரிசு ஏற்கெனவே எரிபொருள் தந்துகொண்டிருந்தது. சீமைக்கருவேலத்தை வெட்டி விறகாகவும் கரியாகவும் வீடுகளுக்கும் சூளைகளுக்கும் ஆலைகளுக்கும் உயிர்ப்பொருள் மின் நிலையங்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள் கூலித் தொழிலாளர்கள். காட்டாமணக்கு தரக்கூடியதைவிடப் பல மடங்கு பயன்படும் ஆற்றலை அந்தக் கருவேலம் தந்துகொண்டிருந்தது என்று 2014-ல் வெளியான ஆய்வு சொல்லியது. சீமைக்கருவேலம் கண்மாயைக் கெடுக்கிறது, அகற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரு நிலம் யாருக்குச் சோறு போடுகிறது என்று விசாரிக்காமல் அதற்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. காட்டாமணக்கு போன இடம் தெரியவில்லை. நட்டவர்களின் நஷ்டத்துக்கு யாரும் பதில் சொல்லவும் இல்லை.

குத்தகைக்குப் போன பாவகடா

நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுப்பது நல்ல வழி என்பார்கள். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் பாவகடா சோலார் பூங்கா அந்த வழியில் வந்தது. 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். நிலம் விவசாயிகள் பெயரிலேயே இருக்கும். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு, 28 ஆண்டு ஒப்பந்தம். தொடர் வறட்சியில் நிலக்கடலையும் கைவிட்ட ஊரில் இது பெரிய ஆறுதல். விற்பனையைவிட எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை.

ஆனாலும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, எளிய கூட்டல் பெருக்கல். 5 சதவீதம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறினால், 28-வது ஆண்டில் குத்தகை ஏறக்குறைய 40,000 ரூபாய்க்கு வந்து நிற்கும். 28 ஆண்டுக்கு முன் 20,000 ரூபாய்க்கு என்னென்ன வாங்கினோம், இன்று 40,000-க்கு என்ன வாங்குகிறோம் என்று எந்தக் குடும்பத் தலைவியைக் கேட்டாலும் சொல்வார். பெயரளவில் உயர்வு, கையளவில் தேய்வு.

இரண்டாவது, குத்தகை நிலம் உள்ளவருக்குத்தான். களை எடுத்தவருக்கும் கடலை பறித்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் பத்திரத்தில் இடமில்லை. பாவகடாவில் நிலமற்றவர்கள் வேலை தேடி வெளியே போனதும், மேய்ச்சல் போனதால் மந்தையை விற்றதும் அங்கே போய் எழுதியவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்த செய்தி. பூங்காவுக்குள் கிடைத்த வேலை காவல், புல் வெட்டுதல், பேனல் கழுவுதல். அதுவும் ஊரில் எல்லோருக்கும் எட்டாது. கிராமத்தில் நிலம் இல்லாதவர்கள் யார், எந்தச் சாதியினர் என்பது நமக்குத் தெரியாததல்ல. அவர்களைக் கணக்கில் சேர்க்காத பசுமைக்கு நான் முழு மனதோடு கை தட்ட மாட்டேன்.

துண்டியின் ஆறு விவசாயிகள்

என் மனதை மிகவும் தொட்ட கதை குஜராத்தில் நடந்தது. கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு கிராமம். ஆறு விவசாயிகள் டீசல் பம்ப்செட்டைக் கைவிட்டு சோலார் பம்புக்கு மாறி, 2016-ல் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் துஷார் ஷாவும் அவர் குழுவினரும் பின்னால் நின்றார்கள்.

சோலார் பம்பில் ஓர் ஆபத்து உண்டு. அதை வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் குறைவு. பேனலை மாட்டிவிட்டால் அப்புறம் தண்ணீர் இறைக்கச் செலவே இல்லை. வெயில் இருக்கும் வரை மோட்டார் ஓடும். தேவையோ இல்லையோ, நிலத்தடி நீர் மேலே வந்துகொண்டே இருக்கும். மிஞ்சினால் பக்கத்து வயலுக்கு விற்கலாம். நிலக்கரிப் புகையைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஊர்க் கிணறுகளை வற்ற வைக்கும் வேலையாக இது முடிந்துவிடக் கூடும்.

துண்டியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆறு பம்புகளின் பேனல்களையும் ஒரே இணைப்பில் மின் கட்டமைப்போடு சேர்த்தார்கள். பயிருக்குத் தேவையான அளவு இறைத்துக்கொள்ளலாம். மீதி மின்சாரத்தை மின் நிறுவனம் யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு வாங்கிக்கொள்ளும். பசுமை மின்சாரத்துக்காகவும் தண்ணீரைச் சேமிப்பதற்காகவும் யூனிட்டுக்கு மேலும் 2 ரூபாய் 50 காசை நீர் மேலாண்மை நிறுவனம் ஊக்கத்தொகையாகச் சேர்த்தது. பதிலுக்கு விவசாயிகள், மானிய விலை மின் இணைப்பு கேட்க மாட்டோம் என்று 25 ஆண்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது அந்த விவசாயியின் மனம் எப்படி ஓடும்? மோட்டார் வீணாக ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் கைக்கு வர வேண்டிய பணம் போகிறது. தண்ணீரைச் சிக்கனமாகப் பாய்ச்சச் சட்டமும் வேண்டாம், மீட்டர் பார்க்கும் ஆளும் வேண்டாம். வயலில் கோதுமையும் வாழையும் ஒரு பயிர் என்றால் வெயில் இன்னொரு பயிர். அதற்குப் பூச்சி விழாது, விலை வீழ்ச்சியும் கிடையாது. 2018-ல் குஜராத் அரசு ‘சூர்யசக்தி கிசான் யோஜனா’ என்ற பெயரில் இதே யோசனையைப் பெரிதாக்கியது. 2019-ல் வந்த மத்திய அரசின் ‘பி.எம். குசும்’ திட்டத்திலும் கட்டமைப்போடு இணைந்த பம்புகளுக்கு ஒரு பிரிவு உண்டு.

நம் 23 லட்சம் மோட்டார்கள்

தமிழ்நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தெரியவில்லை. இங்கே சுமார் 23 லட்சம் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைச் சாலையில் நிறுத்திப் போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களையும் கொடுத்து விவசாயிகள் பெற்ற உரிமைகளின் தொடர்ச்சியாக, 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். அதில் கை வைப்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

ஆனால் அந்த இலவசத்தின் கீழே நடப்பதையும் பார்க்க வேண்டும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது. நடு இரவிலும் வரும். பாம்புக்குப் பயந்து டார்ச் அடித்தபடி வரப்பில் நடப்பதைவிட, மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டுத் தூங்கலாம் என்றுதான் எந்த விவசாயியும் நினைப்பார். கரன்ட் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடும். வயல் நிரம்பி வாய்க்காலில் வழிந்தாலும் ஓடும். கொங்கு நாட்டில் ஆயிரம் அடி தாண்டியும் போர் போடும் நிலை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2017 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462-ல் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படுவதாகத் தெரிந்தது.

5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 5 கிலோவாட் பேனல் போதும் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் ஆண்டுக்கு 7,000 யூனிட்டுக்குக் குறையாது. பாதியைப் பாசனத்துக்கு எடுத்து, மீதியை யூனிட் 3 ரூபாய்க்குக் கொடுத்தால்கூட ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கையில் நிற்கும். குறு விவசாயிக்கு அது சின்னத் தொகையல்ல. பகல் வெளிச்சத்தில் தண்ணீர் பாய்ச்சும் நிம்மதி தனி. மின்வாரியத்துக்கும் லாபம்தான்: இலவச மின்சாரத்தை எங்கிருந்தோ வாங்கி, நீளமான கம்பியில் இழப்போடு கொண்டுவந்து கொடுக்கும் செலவு மிச்சமாகிறது. அடிமாட்டு விலை வைத்தால் மட்டும் இது எடுபடாது. விற்பதைவிட இறைப்பதே மேல் என்று விவசாயி நினைக்கும் விலையில் திட்டம் தொடங்கிய நாளிலேயே செத்துவிடும். கட்டமைப்போடு இணைக்காமல் தனித்து ஓடும் சோலார் பம்புகளை, ஏற்கெனவே நீர் வற்றிய குறுவட்டங்களில் மானியத்தோடு அள்ளிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

நிழலும் ஒரு நன்மை

பேனலுக்குக் கீழே பயிர் விளையுமா? ஜெர்மனியின் அடால்ஃப் கோட்ஸ்பெர்கர் 1981-லேயே, சூரியத் தகட்டின் கீழ் உருளைக்கிழங்கு பயிரிடலாம் என்று கட்டுரை எழுதினார். அவர் தொடங்கிய ஃபிராவுன்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம் 2016-ல் கான்ஸ்டன்ஸ் ஏரிப் பக்கத்து ஹெகல்பாக் பண்ணையில் அதை நிலத்தில் செய்து காட்டியது. டிராக்டர் நுழையும் உயரத்தில் பேனல்கள், கீழே கோதுமையும் உருளைக்கிழங்கும். 2018-ன் கடும் கோடையில் வெட்டவெளிப் பயிரைவிட நிழல் பயிர் நன்றாக விளைந்தது. நமக்குப் பக்கத்திலேயே கொச்சி விமான நிலையத்தின் சோலார் பண்ணையில் பேனல் வரிசைகளுக்கிடையே காய்கறி விளைவிக்கிறார்கள்.

நிழல் விவசாயம் நமக்குப் புதிதும் அல்ல. சோழவந்தானிலும் ஆத்தூரிலும் அகத்தியை நட்டு அதன் நிழலில் வெற்றிலைக்கொடியைப் படர விடுகிறார்கள். இஞ்சி, மஞ்சள், சேனை எல்லாம் தென்னை நிழலில் வளர்பவை. சுட்டெரிக்கும் சித்திரை வெயிலில் கீரைக்கும் தக்காளிக்கும் நிழல் வலை கட்டிக் காசு செலவழிக்கிறோம்; அந்த நிழலைப் பேனலே தரலாம். எந்தப் பயிருக்கு எவ்வளவு நிழல், எந்த உயரம், வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி என்று நம் மண்ணில் சோதித்துச் சொல்லும் பொறுப்பு வேளாண் பல்கலைக்கழகத்துடையது. உயரத் தூண் வைத்தால் செலவு கூடும் என்பது உண்மை. அந்தக் கூடுதல் செலவுக்குத்தான் மானியம் வேண்டும். விளைநிலத்தை மூடிப் பேனல் பரப்புகிறவர்களுக்கு எதற்குச் சலுகை?

காற்றாலைக்கு இந்தச் சிக்கல் குறைவு. கோபுரம் நிற்கும் இடமும் போக ஒரு பாதையும் போதும்; சுற்றிலும் உழலாம், ஆடும் மேய்க்கலாம். பணகுடி, ராதாபுரம் பக்கம் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

பத்திரத்தில் என்ன எழுதுவது?

சோலார் கம்பெனியின் ஆள் குத்தகைப் பத்திரத்தோடு ஊருக்குள் வரும்போது கிராமம் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். குத்தகை உயர்வு விலைவாசியோடு சேர்ந்து ஏறுமா? ஓடையும் வரத்துக்காலும் அப்படியே விடப்படுமா, அவை வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா? மேய்க்கால் புறம்போக்கைத் தொட்டால் மந்தைக்கு மாற்று இடம் எது? வேலி எங்கே வரும், ஆடு உள்ளே மேயலாமா? புல்லை ஆடு தின்றால் கம்பெனிக்கும் வெட்டுக்கூலி மிச்சம். ஒப்பந்தம் முடிந்த அன்று கான்கிரீட்டையும் கேபிளையும் பிடுங்கி நிலத்தைப் பழையபடி ஒப்படைக்கும் செலவுக்கு முன்பணம் எங்கே கட்டப்பட்டிருக்கிறது? நிலமில்லாத குடும்பங்களுக்கு என்ன பங்கு? இவை தனித்தனி விவசாயி கேட்டால் எடுபடாது. கிராம சபையில் தீர்மானமாக வந்தால் யாரும் தட்டிவிட்டுப் போக முடியாது.

அரசு செய்ய வேண்டியது ஒன்று உடனடியாக இருக்கிறது. காற்று மிக நன்றாக வீசும் இடங்களை 1990-களில் நிறுத்திய சிறிய, பழைய காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய இயந்திரம் நிறுத்த வழி செய்யும் கொள்கையைத் தமிழக அரசு 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அதே நிலம், அதே காற்று, பல மடங்கு மின்சாரம். அந்தக் கூடுதல் மின்சாரத்தில் ஒரு பங்கு, அந்தக் காற்றாலை நிற்கும் ஊராட்சியின் கணக்கில் ஆண்டுதோறும் வரவாக வேண்டும். அனுமதிக் கடிதம் கொடுக்கும் அன்றே அதை நிபந்தனையாக எழுதிவிடலாம். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் உடுமலையிலும் முதல் கடிதங்களிலிருந்தே தொடங்கலாம்.